“புலியைப் பார்த்தேன்” என்று ஒருவர் ஓடி வந்தால்

போன ஆண்டு ஐப்பசி மழைக்காலம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லாசா சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போன பையன் ஒருவன், சாக்கைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். ஏழு மணிக்குள் சுங்கை சிப்புட் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஏழரைக்கு எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரு படம் வந்து நின்றது: தார்ச்சாலையில் படுத்திருக்கும் புலி. எட்டரைக்கு நான் அளவு நாடாவோடு போய்ச் சேர்ந்தபோது, பையன் கைகாட்டிய இடத்தில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்து மண் பிசைந்த மாவு போல் இருந்தது. ஒரு தடம் விழுந்திருந்தால் அச்சுப் பிசகாமல் பதிந்திருக்கும். நான் அங்கே கண்டது செருப்புத் தடங்களும் மோட்டார் சைக்கிள் சக்கரத் தடங்களும்தான்.

இரண்டு வாரம் ஊரே அந்தப் பையனைக் கேலி செய்தது. அதன் பிறகு அவன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. நாற்பது பேரில் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் அவன் சொன்னது மெய்யா, கண் மயக்கமா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில் பிறந்தவள். பதினாறு வயதில் ரப்பர் பால் வெட்ட நிரை பிடித்தேன். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு வெளிக்காட்டு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றேன். புலி, சிறுத்தை என்று யார் எதைச் சொன்னாலும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். என் அப்பா காலத்தில் இப்படி எழுதி வைக்கத் தேவை இருக்கவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியபோது, அப்பாவுக்குப் பத்து வயது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கும் பயந்து, புலிக்கும் பயந்து வளர்ந்தவர் அவர். 1950-களில் தீபகற்பத்தில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாகக் கணிக்கிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின் முடிவு, 150-க்கும் குறைவு. அப்பா தலைமுறையில் உறுமல் கேட்டவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. இன்றைக்குப் பார்த்தேன் என்பவர் சொல்வதில் பெரும்பாலும் வேறு விலங்குதான் இருக்கிறது. அதனாலேயே உண்மையாகப் பார்த்தவர் சொல்வதும் எடுபடாமல் போகிறது.

“புலி வருது, புலி வருது” என்று கூவிய பையன் கதையை எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பையனைத்தான் குற்றம் சொல்கிறோம். முதல் இரண்டு முறை ஓடி வந்த ஊர்க்காரர்களில் ஒருவராவது தரையில் தடம் இருக்கிறதா என்று பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

முதல் வேலை, ஆள்களைக் காப்பது

தடம், படம் எல்லாம் பிறகு. முதலில் அந்தப் பகுதியில் வேலை செய்கிற அத்தனை பேரையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டுத் தலையை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் தேடிப் போகிறவர்கள் நான்கைந்து பேராக, சத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பாராங்கத்தியைத் தூக்கிக்கொண்டு “நான் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று தனியாகக் கிளம்பும் இளவட்டங்களைத் தடுத்து நிறுத்துங்கள். நாயையும் கூட்டிப் போகக் கூடாது. பயந்த நாய் எசமானிடம்தான் திரும்பி ஓடி வரும். அதைத் துரத்துவதும் கூடவே வரும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிளந்தான் குவா மூசாங் வட்டாரத்தில் தோட்ட வேலை செய்தவர்கள் புலி தாக்கி உயிரிழந்தார்கள். ரப்பர் பால் வெட்டும் ஆளுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறோம். புலி நடமாடும் நேரமும் அதுவே. மரத்தில் வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்க நாமும் குனிந்து, சில நேரம் குந்தி வெட்டுகிறோம். நிமிர்ந்து நிற்கிற மனிதனைப் பார்த்து விலகிப்போகும் விலங்குக்குக் குனிந்த முதுகு ஒரு மானைப் போலவோ பன்றியைப் போலவோ தெரியலாம். நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாதீர்கள், குந்தாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். அதன் முகத்தைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். கையையோ பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பையோ உயர்த்தி உங்கள் உருவத்தைப் பெரிதாக்கி, தடித்த குரலில் சத்தம் போடுங்கள். கூடக் குழந்தை இருந்தால் குனிந்து தேடாமல், பார்வையை விலக்காமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

பார்த்தவரிடம் எப்படிக் கேட்பது

இந்த இடத்தில்தான் ஊர் மிகவும் பிசகுகிறது. பார்த்தவரைச் சுற்றிப் பத்துப் பேர் கூடி “புலியா? வரி இருந்ததா? இவ்வளவு பெரிதா?” என்று கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியில் அவர் மனத்தில் வரி வந்துவிடுகிறது. பொய் சொல்லவேண்டும் என்று அவர் சொல்வதில்லை. பயத்தில் இருக்கிற மனம், எதிரே நீட்டப்படும் சொல்லைப் பற்றிக்கொள்கிறது.

அவரைத் தனியாக உட்கார வைத்து, சர்க்கரை போட்ட ஒரு குவளைத் தேநீர் கொடுங்கள். “தம்பி, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்” என்று தொடங்குங்கள். நடுவில் பேசாதீர்கள். அவர் முடித்த பிறகு இவற்றைக் கேளுங்கள்: நீ எங்கே நின்றாய்? அது எங்கே இருந்தது? நடுவில் எத்தனை மரம்? வெளிச்சம் உன் முதுகுப் பக்கமா, முகத்துப் பக்கமா? எவ்வளவு நேரம் பார்த்தாய்? நேரம் தெரியவில்லை என்றால் “அது போய் மறைகிற வரை பத்து எண்ணியிருக்கலாமா?” என்று கேட்கலாம். “புலியா” என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து வரவிடாதீர்கள். அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். “பழுப்பாய் ஏதோ” என்று சொன்னால் “பழுப்பாய் ஏதோ” என்றே எழுத வேண்டும். நம் கை அதைப் புலியாக்கக் கூடாது.

நிறத்தை விட வாலைப் பற்றிக் கேளுங்கள். விடியற்கருக்கலில் நிறம் ஏமாற்றும். ஈரத்தில் நனைந்த செம்பழுப்பு நாய் கறுப்பாகத் தெரியும். வால் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. புலிக்கும் சிறுத்தைக்கும் வால் உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ இருக்கும். தொங்கித் தரையருகே வந்து நுனியில் மேலே வளையும். நாயின் வால் நடையில் ஆடும், பெரும்பாலும் உயர்ந்து நிற்கும். அடர்ந்த முடியோடு கறுப்புத் துணிப்பந்தம் போல் ஒரு வாலைச் சொன்னால், அது பிந்துரோங் என்கிற மரநாய் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உயரம் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறேன். “எவ்வளவு உயரம்?” என்று கேட்டால் எல்லாரும் இடுப்பில் கையை வைப்பார்கள். அப்படிக் கேட்காமல், ஆபத்து நீங்கியது உறுதியான பிறகு அவரை அதே இடத்தில் நிற்க வையுங்கள். விலங்கு நின்ற இடத்தில் இன்னொருவர் ஒரு கோலைப் பிடித்து நிற்கட்டும். கோலில் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் சிவப்புச் சாயக் கோடு இருக்க வேண்டும். “அதன் முதுகு எந்தக் கோட்டில் இருந்தது?” என்று கேளுங்கள். வளர்ந்த புலியின் தோள் நம் இடுப்பை ஒட்டி வரும். சிறுத்தையின் தோள் தொடை நடுவில் வரும். வீட்டுப் பூனைக்கு முழங்கால்கூட எட்டாது. ஒரு முறை எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் செம்மண் சாலையைக் கடந்த கருஞ்சிறுத்தையைப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். கோலைப் பிடித்தபோது அவர் காட்டியது இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில். சற்று நேரம் கோலையே பார்த்திருந்துவிட்டு, “அப்படியானால் பூனைதான் அம்மா” என்று தாமாகவே சொன்னார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை; நான் செய்யவிடவில்லை.

இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்யும் என் மகள், அந்த நாட்டிலும் இதே கதை உண்டு என்று சொன்னாள். அங்கே காட்டில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஆனாலும் கார்ன்வாலில் பாட்மின் மூர் என்கிற மேட்டு நிலத்தில் பெரிய கறுப்பு விலங்கைப் பார்த்ததாகப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆடுமாடு சாகிறது என்று முறையிட்டதால் அரசாங்கமே 1995-இல் ஆளனுப்பி விசாரித்தது. அவர்களும் படம் எடுக்கப்பட்ட அதே இடங்களில் அளவுக்கோலை நட்டு ஒப்பிட்டார்கள். பல உருவங்கள் வீட்டுப் பூனையின் அளவுக்கு வந்தன. உறுதிப்படுத்தத்தக்க சான்று எதுவும் இல்லை என்றும், அதற்காக இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்றும் நேர்மையாக எழுதினார்கள். அதே ஆண்டில் ஒரு பையன் ஃபோவி ஆற்றில் ஒரு சிறுத்தை மண்டையோட்டைக் கண்டெடுத்தான். ஊர் கொண்டாடியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கிப் பார்த்தது. மண்டையோடு உண்மையான சிறுத்தையுடையதுதான். ஆனால் பின்பக்கம் வெட்டப்பட்டிருந்தது, கத்திக் கீறல்கள் இருந்தன, உள்ளே வெப்ப நாட்டுக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சிறுத்தைத்தோல் விரிப்போடு சேர்ந்த தலை அது. கரப்பான் முட்டை வரை பார்த்த அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் காட்டில் என்னென்ன இருக்கிறது

கறுப்பாக ஒன்றைப் பார்த்தேன் என்றால் படித்தவர்கள்கூட “கரும்புலியாவது!” என்று தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. மலாய்த் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்புதான். மலாய்க்காரர்கள் ஹரிமாவ் கும்பாங் என்பார்கள். தனி இனமில்லை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் தோல் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். புள்ளிகள் கறுப்புக்குள்ளேயே இருக்கின்றன. தானியங்கிக் கேமராவின் அகச்சிவப்பு ஒளியில் அவை தெரிவதால், ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு சிறுத்தையையும் புள்ளியை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஆகவே நம் ஊரில் கருஞ்சிறுத்தை நம்பத்தக்க செய்தி. இந்தியாவில் இருப்பது போல் மஞ்சள் தோலில் புள்ளியுள்ள சிறுத்தை என்று சொன்னால்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

“புலிக்குட்டி” என்று வருகிற செய்திகளில் மிகுதியும் கூச்சிங் பத்து என்கிற சிறுத்தைப் பூனைதான். வீட்டுப் பூனை அளவு, உடம்பெல்லாம் புள்ளி. செம்பனைக் காட்டில் எலி மிகுதி என்பதால் அது அங்கே நன்றாக வாழ்கிறது. குட்டியைத் தூக்கி வந்து பால் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசத்தோடு செய்கிறார்கள் என்றாலும், தாய் பக்கத்தில் மறைந்திருக்கும். அதுவும் சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர். இருந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

தடம் பார்க்கும் முறை

இதுதான் எனக்கு மிகவும் விருப்பமான வேலை, நிதானமாகச் சொல்கிறேன்.

தடத்தைக் கண்டதும் நான்கு பக்கமும் செம்பனை மட்டையை வெட்டிப் போட்டு அடையுங்கள். யாரும் மிதிக்கக் கூடாது. மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நம் ஊரில் மத்தியானம் கறுத்தால் மூன்று மணிக்கு மழை வந்துவிடும், அதற்கு முன் வேலை முடிய வேண்டும். பிறகு தடத்துக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் அளவு பொய்யாகிவிடும். அளவுகோல் இல்லையென்றால் டச் அண்ட் கோ என்கிற சாலைக் கட்டண அட்டையை வையுங்கள். அது 8.5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், 5.4 சென்டிமீட்டர் அகலம். எல்லா அட்டையும் ஒரே அளவு. அடையாள அட்டையை வைக்காதீர்கள், அந்தப் படம் எங்கெங்கோ போகும்.

சிறுத்தையின் தடம் 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலம். அட்டையின் நீளத்தை ஒட்டி வரும். வளர்ந்த புலியின் முன்காலடி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகும். அட்டை அதற்குள்ளேயே கிடக்கும். சிறுத்தைப் பூனையின் தடம் அட்டையின் அகலத்தைக்கூடத் தொடாது. ஆனால் சேற்றில் தடம் பிதுங்கி அகலமாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். விளிம்பை அளக்காமல் குழியின் அடித்தளத்தை அளங்கள். முன்கால் தடத்தின் மேலேயே பின்காலை வைத்து நடப்பதால் இரண்டு தடம் ஒன்றாகி நீண்டு தெரிவதும் உண்டு. ஒரே தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் மூன்று நான்கு தடமாவது தேடுங்கள்.

நாயா, பூனைக் குடும்பமா என்பதற்கு நகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நாய்க்கு நகம் பதியும், பூனைக் குடும்பம் நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். இது சரியே, ஆனால் வழுக்கும் சரிவில் புலியும் நகத்தை ஊன்றும். அதனால் நான் உள்ளங்காலைத்தான் நம்புகிறேன். பூனைக் குடும்பத்தின் உள்ளங்கால் பெரிது. அதன் பின் விளிம்பில் மூன்று மேடுகள் தெரியும். விரல்களும் ஒரே வரிசையில் இருக்காது. நம் கைவிரல் போல் ஒன்று முந்தி நிற்கும். நாயின் தடத்தை நடுவில் கோடு போட்டு மடித்தால் இரு பாதியும் பொருந்தும். ஐந்து விரலும் நீண்ட நகமும் இருந்தால் கரடி. அதற்கும் அதே பயம் வேண்டும். மூன்று விரல் மட்டும் குழிந்திருந்தால் தாப்பிர் என்கிற பன்றிமூக்கனின் பின்னங்கால்.

முடிந்தால் அச்சு எடுங்கள். இரும்புக் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடி கிடைக்கும். தண்ணீர் ஒரு பங்கு, பொடி இரண்டு பங்கு. தோசை மாவுப் பதத்தில் கட்டியில்லாமல் கலக்குங்கள். தடத்தைச் சுற்றி, குடிநீர் பாட்டிலை வெட்டிய வளையம் ஒன்றை மண்ணில் ஊன்றி, மாவைத் தடத்தின் மேல் நேரே கொட்டாமல் ஓரத்திலிருந்து ஓடவிடுங்கள். நேரே கொட்டினால் விளிம்பு கரைந்துவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, கீழ் மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுங்கள். அன்றைக்கே கழுவாதீர்கள். மறுநாள் காய்ந்த பிறகு பழைய பல் துலக்கும் தூரிகையால் மண்ணை எடுங்கள்.

வாசனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “காட்டில் நல்ல அரிசி வேகிற வாசம் வந்தால் வந்த வழியே திரும்பிவிடு” என்று அப்பா சொல்வார். மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். புலி தன் எல்லையைக் காட்ட மரத்தில் பீய்ச்சும் நீரில், பாஸ்மதி அரிசிக்கும் பாண்டான் இலைக்கும் மணம் தருகிற அதே வேதிப்பொருள் இருக்கிறது; வங்காளத்து அறிவியலாளர் ரத்தன் லால் பிரம்மச்சாரி என்பவர் அதைக் கண்டறிந்தார். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் பிந்துரோங்கின் சிறுநீரிலும் அதே பொருள் இருக்கிறது. ஆகவே வாசம் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள், நோட்டில் எழுதுங்கள். அதை மட்டும் வைத்துப் புலி என்று முடிவு கட்டாதீர்கள்.

மாடு செத்துக் கிடந்தால்

செம்பனை அடியில் மேயும் மாட்டைக் காலையில் பிணமாகக் கண்டால் முதலில் கழுத்தைப் பாருங்கள், தூரத்திலிருந்தே. புலியும் சிறுத்தையும் பெரிய இரையைத் தொண்டையில் கவ்வி மூச்சை அடைக்கும். கழுத்தில் ஆழமான சில துளைகள் இருக்கும், மற்ற இடம் பெரும்பாலும் முழுதாக இருக்கும். நாய்க் கூட்டம் காலிலும் விலாவிலும் காதிலும் கண்டபடி கடித்துக் கிழித்திருக்கும். புலி வழக்கமாகப் பின்தொடைப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கும். புதருக்குள் இழுத்துப் போன கோடு தெரிந்தால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போகவே கூடாது. இரையைக் காத்துக்கொண்டு அது பக்கத்தில் படுத்திருக்கலாம், இரவில் திரும்பியும் வரும். ஒரு படம் எடுத்துவிட்டு விலகுங்கள்.

மாட்டுக்காரரின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஒரு பசு போனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போனது போல. ஆனாலும் செத்த மாட்டில் பூச்சிமருந்து தடவி வைப்பதும், கம்பிக் கண்ணி கட்டுவதும் பெருங்குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டம் 10 இலட்சம் ரிங்கிட் வரை, சிறை 15 ஆண்டு வரை போகலாம். அந்தக் கண்ணியில் நம் வீட்டு நாயும் பக்கத்து வீட்டு மாடும் சிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் வரும் படம்

அன்று காலை எங்களுக்கு வந்த படத்தை நான் உற்றுப் பார்த்தேன். சாலையோரத்து மைல்கல்லில் தேவநாகரி எழுத்து. புலி உண்மை, சாலை உண்மை, நாடு மட்டும் வேறு. படம் வந்தால் புலியைப் பார்க்காதீர்கள், சுற்றியிருப்பதைப் பாருங்கள்: வண்டி எண் பலகை, கடைப் பெயர், மின்கம்பம், மரம். செம்பனையும் ரப்பரும் லாலாங் புல்லும் தெரிகிறதா? பிறகு அனுப்பியவரிடம் “நீங்களே எடுத்ததா?” என்று ஒரே கேள்வி கேளுங்கள். “குழுவில் வந்தது” என்றால், அந்தக் குழுவில் யார் எடுத்தது என்று பின்னோக்கிப் போங்கள். எடுத்த ஆள் கிடைக்காத படத்தை நான் நோட்டில் எழுதுவதில்லை. இப்போது கணினி வரைந்து கொடுக்கும் படங்களும் வருகின்றன. அதனால் எடுத்தவரின் கைப்பேசியிலேயே மூலப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஒருவேளை படம் உண்மையாகவே நம் காட்டுப் படமாக இருந்தால், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இடத்தைப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். வேட்டைக்காரர்களும் அதே குழுக்களைப் படிக்கிறார்கள். நீங்கள் பெருமையாகப் போட்ட பாலத்தின் பெயர், அவர்கள் கண்ணி கட்டப் போதும்.

யாரிடம், எப்படிச் சொல்வது

பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையின் இலவச எண் 1-800-88-5151. ஆள் ஆபத்தில் இருந்தால் யோசிக்காமல் 999. தோட்ட நிர்வாகத்துக்கும் பக்கத்தில் உள்ள ஓராங் அஸ்லி என்கிற பழங்குடியினரின் கம்பத்து (கிராமத்து)த் தலைவருக்கும் சொல்லுங்கள். மேலே இருக்கும் தெமியார் என்கிற பழங்குடி மக்கள் நம்மை விட அந்தக் காட்டுக்குள் அதிகம் நடப்பவர்கள். எச்சரிக்கை அவர்களுக்கு முதலில் போக வேண்டும். அவர்கள் சொல்லும் செய்தியையும் அதே மதிப்போடு எழுதிக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குப் போய் “புலித்தடம் பார்த்தேன்” என்று சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிரக்கூட இல்லை. “நாய்தான், அம்மா” என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த மழையில் அதே ஓடைக்கரையில் மறுபடி தடம் விழுந்தது. இந்த முறை அச்சு எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பதினொன்றரை சென்டிமீட்டர். அந்த வாரமே தானியங்கிக் கேமரா கட்ட ஆள்கள் வந்தார்கள்.

தொலைபேசியில் சொல்லும்போது கதையாகச் சொல்லாதீர்கள். தேதி, மணி, இடம், எத்தனை பேர் பார்த்தார்கள், தடம் இருக்கிறதா, மாடோ நாயோ செத்ததா, ஆள்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்களா. இவ்வளவும் ஒரு நிமிடத்தில் முடியும். பேசிய அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். விலங்கு மனிதரைக் கண்டு பயப்படாமல் பட்டப்பகலில் திரிந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2019 ஜூலையில் திரெங்கானு டுங்குனில் அப்படித் திரிந்த புலியைப் பிடித்து அவாங் பெசுல் என்று பெயரிட்டார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் நோய் தாக்கியிருந்ததால் சில நாளில் இறந்தது. லயத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று நான் வீடுவீடாகச் சொல்வதற்கு அந்தப் புலிதான் காரணம்.

அதிகாரிகள் சரி என்று சொல்லும் வரை பெரட்டை வெளிச்சம் வந்த பிறகு வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். பால் குறையும் என்பார்கள், குறையட்டும். ஒரு நிரைக்கு இருவராகப் போங்கள். மாட்டை இரவில் பட்டியில் கட்டுங்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள புதரை வெட்டுங்கள். பிள்ளைகள் பஸ்ஸுக்கு நடந்து போகும் வழியில் காலையில் ஒரு பெரியவர் கூடப் போகட்டும். 2021-இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் காட்டுப்பன்றிகள் ஏராளமாகச் செத்தன. காட்டில் இரை குறைந்தால் புலி லயத்து ஓரம் வரை இறங்கும். கூண்டு வைக்கும் வரை கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டியது நாம்தான்.

அந்தப் பையனின் பதிவு என் நோட்டில் இப்படி இருக்கிறது: “காலை 6.50. பழுப்பு. நீண்ட வால், நுனி மேலே வளைந்தது. ஏழு மரத் தூரம். கோல் வைக்கவில்லை. தடம் மிதிபட்டது.” வாலின் நுனியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். அதனால் அந்தப் பக்கத்தை நான் அடிக்கவில்லை.

இப்போது அந்தத் தோட்டத்துச் சாமான் அறையில் ஒரு நீல வாளி தொங்குகிறது. உள்ளே அளவு நாடா, கோடு போட்ட கோல், வெட்டிய பாட்டில் வளையம் இரண்டு, பேனா, நோட்டு, ஒரு கிலோ பிளாஸ்டர் பொடி. உங்கள் தோட்டத்திலும் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டர் பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தீபாவளிக்குத் தீபாவளி புதிதாக மாற்றுங்கள்.